நின்றுகொண்டு சாப்பிட்ட கணக்கு

“மனசு வச்சா முடியாதது ஒண்ணுமில்லம்மா” என்று அந்த மருத்துவர் சொன்னதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பொறுமையான மனிதர். ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 6.1 என்று இருந்ததை வட்டம் போட்டுக் காட்டினார். 5.7 வந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 என்றால் சர்க்கரை நோயே, நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சோற்றைக் குறைத்துக்கொண்டு தினம் காலையில் முக்கால் மணி நேரம் நடங்கள் என்றார். காலையில் எனக்கு அடுப்படியில் வேலை இருக்கும் சார், வீட்டு வேலை மொத்தமும் நான்தான் பார்க்கிறேன் என்றேன். “அதெல்லாம் எக்சர்சைஸ் கணக்குல வராதும்மா” என்றார். மனசு வைக்கிற வாக்கியம் அதற்கப்புறம் வந்தது. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போதே இரண்டு வாக்கியங்களும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டன. ஐந்து பேர் இருக்கிற வீட்டில், ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கும் எழுதிக்கொண்டு, நான்கு டிபன் பாக்ஸை எட்டு மணிக்குள் மூடி வைக்கிறவளிடம் மனசு இல்லை என்று யாராவது சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்படியானால் பிடிபடாமல் இருப்பது எது?

இந்தப் பரிசோதனைக்கு நானாகப் போகவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு தன்னார்வலர் வருவார். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் அத்தைக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு, “நீங்களும் விரலை நீட்டுங்கக்கா, சும்மா பாத்துருவோம்” என்றார். மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “எதுக்கும் லேப்ல மூணு மாசச் சர்க்கரை ஒருதடவை பாத்துருங்கக்கா.” அத்தைக்கு வந்த சோதனையில் நான் மாட்டிக்கொண்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் என்று கணக்கு சொன்னது. பெரிய கூட்டத்தில்தான் நிற்கிறோம் என்பதில் ஒரு அசட்டு ஆறுதலும் இருந்தது.

விஷயம் வீட்டில் பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம். நாத்தனார் வெந்தயம் என்றார், எங்கள் மைனி ஆவாரம்பூ என்றார், அலுவலகத்தில் ஓட்ஸ் என்றார்கள். வீட்டுக்காரர் இரவுக்குச் சப்பாத்தி என்று தீர்ப்பு எழுதினார். சப்பாத்தி மேல் நம்மவர்களுக்கு இருக்கிற நம்பிக்கை தனியாக ஆராயப்பட வேண்டியது. எண்ணெய் தடவிச் சுட்ட நான்கு சப்பாத்தி, தேங்காய் அரைத்துவிட்ட குருமா, சாப்பிட்டுவிட்டு “இன்னைக்கு ராத்திரி சோறே தொடலை” என்று ஒரு பெருமூச்சு. டிபன் கதையும் இதேதான். “ராத்திரி வெறும் டிபன்தாங்க” என்பார்கள். அந்த வெறும் டிபன் நான்கு தோசையாக இருக்கும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு ஆட்டுகிற நாமே, மாவு கல்லில் விழுந்ததும் அது அரிசி இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கையை உடைக்கிற ஆய்வு ஒன்று 2025-இல் வந்தது. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் நாடு முழுக்க எடுத்த கணக்கு அது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால், மொத்த மாவுச்சத்து குறையாதவரை சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால், தயிர் மாதிரிப் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஆக, தானியத்தின் பெயரை மாற்றித் தப்பிக்க வழியில்லை, அளவைத் தொட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

நெல்லுச்சோறு

அத்தைக்குப் பிறந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் பூமி. அவர் சின்ன வயதில் வாரம் முழுக்கக் கம்பங்கஞ்சி, கேப்பைக்களி, சோளச்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் அன்றைக்கும். அதனால் வீட்டுக்காரர் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து குதிரைவாலிப் பாக்கெட்டை வாங்கிவந்து மேஜையில் வைத்தபோது, அத்தை அதன் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. “இதைத் திங்கக்கூடாதுன்னுதானடா உங்கப்பாவை அந்தப் பாடுபட்டுப் படிக்க வச்சாங்க” என்றார். அரை கிலோ பாக்கெட்டில் ஜிப் போட்டு அடைத்து வருகிற குதிரைவாலியை ஆரோக்கியம் என்று அவரிடம் விற்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சோறு வெறும் மாவுச்சத்து இல்லை, இரண்டு தலைமுறை ஏறி வந்த படிக்கட்டு.

அவர் சீராகக் கொண்டுவந்த பித்தளை உழக்கு ஒன்று எங்கள் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. தினம் அதில் இரண்டு உழக்கு. அதையும் குவித்துத்தான் அளக்க வேண்டும். “தலைதட்டி அளக்கறது கடைக்காரன் செய்யற வேலை” என்பார். சோறு பத்தாமல் போவது அவர் அகராதியில் பெரிய அவமானம். யாராவது வந்துவிட்டால்? இந்த ஒற்றைக் கேள்வியில் எங்கள் வீட்டில் எத்தனை மூட்டை அரிசி கூடுதலாக வெந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் வராத நாட்கள்தான் அதிகம். அந்தச் சோறு எங்கே போகிறது என்பதை மட்டும் யோசித்ததில்லை.

மூன்றாவது பத்தி

மருத்துவர் என்னை ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார். சின்னப் பெண். ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, சாம்பார், பொரியல், சாயங்காலம் டீ, இரவு இரண்டு தோசை. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும், அவ்வளவு சிக்கனம். அந்தப் பெண் நோட்டைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டார்: “சரிக்கா, இதெல்லாம் உக்காந்து சாப்பிட்டது. நின்னுக்கிட்டு சாப்பிட்டதை எழுதலையே?”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் நேரம், உணவு என்று இருந்த இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து ‘நின்று’ என்று தலைப்பு போட்டேன். அந்த வாரம் அந்தப் பத்தி நிரம்பிய வேகம் எனக்கே புதிது. வெந்துவிட்டதா என்று பிட்டுப் பார்த்த இட்லி. மகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் வைத்துவிட்டுப் போன நெய் தோசை. டிகாக்‌ஷன் மிச்சமிருந்ததால் கலந்த இரண்டாவது காபி, சர்க்கரையோடு. அலுவலகத்தில் யாரோ வீட்டு விசேஷத்து லட்டு. சாயங்காலம் வந்ததும், குக்கரைக் கழுவிப் போட வேண்டுமே என்று அடியில் ஒட்டியிருந்த சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தது. மகன் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோன அரை ஆம்லெட். இரவில், நாளைக்கு யாருக்கும் பத்தாது, வைத்தால் புளித்துவிடும் என்று கடைசி இரண்டு கரண்டி மாவில் எனக்கென்று ஊற்றிக்கொண்ட தோசை. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மூன்றாவது பத்தி, உட்கார்ந்து சாப்பிட்டதற்குச் சமமாக வந்து நின்றது. சில நாள் அதையும் தாண்டியது. எழுதிய எதையும் நான் பசித்துச் சாப்பிட்டிருக்கவில்லை. ஆசைப்பட்டும் சாப்பிடவில்லை, அந்த லட்டைத் தவிர. பாத்திரம் காலியாக வேண்டும் என்று சாப்பிட்டிருக்கிறேன்.

அத்தை ஊரில் இந்த மிச்சத்துக்கெல்லாம் போக்கிடம் இருந்தது. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழையது. அரிசி களைந்த தண்ணீரும் தட்டில் மிஞ்சிய பருக்கையும் கழனித்தண்ணித் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். இன்றைக்கு நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி வாடகை வீடு. மாடு இல்லை, தொட்டி இல்லை, பிரிட்ஜில் இடமும் இல்லை. சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கும் கை வராது, அது பாவம் என்றே வளர்ந்திருக்கிறேன். மாடும் தொட்டியும் போனபின் அந்த வேலை வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்பதற்கு ஒரே பதில்தான் வரும்.

மருத்துவரின் வாக்கியம் ஏன் முள்ளாக நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற ஒரு ஆளை அவர் மனசில் வைத்துப் பேசினார். அந்த ஆளுக்கு மனசுறுதி உதவும். நான் நின்றது தட்டின் முன்னால் இல்லை, பாத்திரத்தின் முன்னால். ராத்திரி பத்து மணிக்கு அடிப்பிடித்த குக்கரோடு நிற்கிறவளுக்கு மனசுறுதியை எந்தப் பக்கம் செலுத்துவது என்றே தெரியாது. முடிவு காலையில் அரிசி அளக்கும்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

தலைதட்டுவது

அதனால் தட்டை விட்டுவிட்டு அரிசி டின்னுக்குப் போனேன். அத்தையிடம் குறைக்கிறேன் என்று சொல்லவில்லை. “உழக்கு ரெண்டு ரெண்டாவே இருக்கட்டும் அத்தை. தலையை மட்டும் தட்டிக்கிறேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தட்டிக்க. யாராவது வந்தா நீதான் பதில் சொல்லணும்” என்றார். உள்ளங்கையால் வழித்துவிட்டால் இரண்டு உழக்கிலும் சேர்த்து ஒரு ஆளுடைய சோறு டின்னிலேயே நின்றுவிடுகிறது. அடியில் ஒட்டி நிற்கும் மிச்சம் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

யாராவது வரவும் செய்தார்கள். அத்தையின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல் மதியம் வந்து நின்றார். அத்தை என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். ஒரு டம்ளர் அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தேன். அக்காவும் தம்பியும் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் விசில் அடங்கிவிட்டது. கூடுதலாக வடித்து வைக்கும் பழக்கம் விறகடுப்புக் காலத்துக்கு நியாயமான பழக்கம்தான். அணைந்த அடுப்பைத் திரும்ப மூட்டி, உலை வைத்து, கஞ்சி வடித்து முடிப்பதற்குள் விருந்தாளி பஸ் ஏறிவிடுவார். கேஸ் அடுப்பும் குக்கரும் வந்து எத்தனையோ வருஷமாகிறது. பயம் மட்டும் பழைய அடுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு அத்தை அந்தக் கேள்வியைக் கேட்பது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

சோறு குறைந்த இடம் சும்மா கிடக்கக் கூடாது, கிடந்தால் பிஸ்கட் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொரியலுக்கு நறுக்குகிற காயை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினேன். அரிசி ஊறும்போதே பக்கத்தில் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறுகிறது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. எண்ணெயில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். மாதத்தின் ஆரம்பத்தில் அதைத் தனி டப்பாவில் ஊற்றிவிட்டால் அப்பளம் பொரிக்கும்போது கை தானாகவே யோசிக்கிறது. டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இது எல்லோரும் செய்வதுதான்.

இன்னொரு மாற்றம் நான் எதிர்பார்க்காத பலனைத் தந்தது. இனி மிச்சம் எனக்கு மட்டும் இல்லை, ஐந்தாகப் பிரியும் என்று அறிவித்தேன். இரவில் இரண்டு கரண்டி மாவு நின்றால் அன்றைய முறைக்காரர் சாப்பிட வேண்டும். இரண்டாவது வாரமே மகன் கேட்டான்: “ஏம்மா, தினமும் மிஞ்சுற மாதிரி எதுக்கு இவ்வளவு செய்யறீங்க?” இருபது வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி. மிச்சத்தைத் தின்ன வேண்டியவனுக்குத்தான் அது தோன்றியது.

நடக்கிறவர்களும் நடக்காதவர்களும்

எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் தெப்பக்குளம் பக்கம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், நான்கு கரையும் சேர்த்து ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். மதுரையில் நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கேட்க முடியாது. காலையில் அங்கே நடக்கிறவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஆண்கள், அதிலும் ஓய்வு பெற்றவர்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் யார் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டால் சண்டைக்காரி என்பார்கள். சாயங்காலம் போனாலோ கரையோரம் முழுக்க பஜ்ஜி, சுண்டல், பானிபூரி வண்டிகள். இரண்டு சுற்று நடந்து எரித்ததை ஒரு தட்டு பஜ்ஜியில் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். சுண்டல் வாங்குகிறவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வீட்டு வேலை கணக்கில் வராது என்று மருத்துவர் சொன்னது பாதி சரி. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் வேலை என்கிறது. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். நின்று சமைப்பதில், துணி மடிப்பதில் அது நடக்காது, நான் முழுப்பாட்டே பாடுவேன். ஆனால் மாடிப்படியில் கேன் தண்ணீர் தூக்கினால் நடக்கும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தார்கள். 2020-இல் வந்த வழிகாட்டுதலில் அந்தப் பத்து நிமிட விதியை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்வதும் சேரும். முக்கால் மணி நேரம் மொத்தமாகக் கிடைக்காத என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. எனக்கு ஏன் இதை யாரும் முதலில் சொல்லவில்லை என்று இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் வருகிற அம்மி, ஆட்டுக்கல் பார்வர்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், கிணற்றில் இறைத்தார்கள், சர்க்கரை வரவில்லை, மிக்ஸி வந்து கெடுத்தது. அனுப்புகிறவர் எப்போதும் ஆணாகத்தான் இருப்பார், அம்மிக் குழவியைத் தொட்டே இருக்க மாட்டார். அத்தையிடம் படித்துக் காட்டினேன். “அவனை வந்து ஒரு வாரம் அரைக்கச் சொல்லு” என்றார். தோள்பட்டை வலிக்கு அவர் தடவாத தைலம் இல்லை.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது சின்ன விஷயங்கள். இரவு சாப்பிட்டதும் மகளோடு மொட்டைமாடியில் கால் மணி நேரம் நடை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நடந்தால், கால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சில நிமிட நடைக்கே சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் தணிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஷேர் ஆட்டோவில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பேசினால் மூச்சு வாங்குகிற வேகத்தில் வீடு. காலையில் குக்கர் மூன்று விசில் வரும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குவது, பால் பொங்கும்வரை மேடையில் கையூன்றிச் சாய்ந்து எழுவது. மகள் இதை வீடியோ எடுத்துச் சித்திகளுக்கு அனுப்பிவிட்டாள், அது வேறு கதை.

மாடி நடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நான் மேலே போனால் கீழே பாத்திரத்தை யார் தேய்ப்பது? இரவுப் பாத்திரம் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் முறை வைத்துப் போனது. முதல் கொஞ்ச நாள் தட்டுகளின் பின்பக்கம் பிசுக்கு போகவில்லை. நான் திரும்பத் தேய்க்கவில்லை. சொல்லப்போனால் இந்த மொத்தத்திலும் எனக்கு மனசுறுதி தேவைப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

அடுத்த பரிசோதனையில் 5.8 வந்தது. இன்னும் சர்க்கரைக்கு முந்தைய நிலையில்தான். இதை வைத்து ஆட நான் தயாராக இல்லை, அதற்குக் காரணமும் சென்னையில் நடந்த ஒரு ஆய்வுதான். என்னைப் போல சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். வெறும் பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்ததிலும் ஏறக்குறைய இதே அளவு பலன்தான். குறைந்தது உண்மை. நூற்றுக்கு அந்த 39 பேரும் உண்மை. அவர்களெல்லாம் மனசு வைக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. பரம்பரை இருக்கிறது, வயது இருக்கிறது, வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பது இருக்கிறது.

இப்போது மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் நான்கு பேர். இரண்டு உழக்கை ஒன்றரையாக்கினால் சரியாக இருக்கும் என்று அத்தையிடம் ஆரம்பித்துப் பார்த்தேன். சனி ஞாயிறு அவன் வருவானே, தங்கியிருக்கிற மெஸ்ஸில் என்ன போடுகிறார்களோ, வந்த பிள்ளைக்கு அளந்தா போடுவாய் என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி. வெள்ளி இரவு அளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.